பகல் நேரத்துப் பக்கக் கதவு

மந்தைவெளி
12.06.2025

அன்புள்ள ஜானு,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் இதைத் திறந்து, இவளுக்குத் தூக்கமே கிடையாதா என்று நினைப்பாய். குட்டிப்பெண் ஆயத் தூங்கின பிறகுதான் என் இரண்டு கைகளும் எனக்குக் கிடைக்கின்றன. போனில் பேசலாம்தான். ஆனால் இருப்பது ஒரே அறை. நான் குசுகுசுவென்று பேசினாலும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். அதனால்தான் மெயில்.

முதலில் நன்றி. புத்தகப் பார்சல் வந்தது. புதிதாக வாங்கி அனுப்பாமல், நீ கோடு போட்டுப் படித்த புத்தகங்களையே டில்லியிலிருந்து அனுப்பியிருக்கிறாய். ஓரங்களில் நீ எழுதியிருக்கும் கிண்டல்களைப் படித்தபோது கல்லூரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. குழந்தை பிறந்ததிலிருந்து இந்த வீட்டுக்கு வரும் பார்சல் எல்லாம் அவளுக்குத்தான். என் பெயர் போட்டு வந்தது இதுதான் முதல்.

அஞ்சல் வழியில் எம்.ஏ. பொது நிர்வாகம் சேர்ந்துவிட்டேன். முதல் தாள் 'பொதுக்கொள்கை: ஓர் அறிமுகம்'. தல்ஹா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கவர்மென்ட் எப்படி முடிவெடுக்குதுன்னு தெரிஞ்சுக்க புக்கு எதுக்கு? எங்க அம்மி எடுக்கற மாதிரிதான். முதல்ல முடிவு, அப்புறமா காரணம்" என்று என் மாமியாரை இழுத்தார்.

எனக்குப் பிடித்திருக்கிறது, ஜானு. ஒரு பிரச்சினை ஒரு வீட்டுக்குள் இருக்கும்வரை அது அந்த வீட்டின் கஷ்டம். பல பேர் சேர்ந்து சொன்னால் பொதுப் பிரச்சினை. அரசாங்கம் காதில் போட்டுக்கொண்டால் அது நிகழ்ச்சி நிரலுக்கு வருகிறது. பிறகு வழிகளை எடைபோடுவது, முடிவெடுப்பது, நடைமுறைப்படுத்துவது, கடைசியில் மதிப்பீடு. இதையெல்லாம் வட்டமாகப் போட்டு அம்புக்குறி வரைந்திருக்கிறார்கள். ஒப்படைப்புக்கான கேள்வி: உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள ஏதேனும் ஒரு விதியை எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது என்று தேடிச் செல்க.

எங்கள் தெருமுனைப் பூங்காவை எடுத்திருக்கிறேன். காரணம் உனக்கே தெரியும். ஆயத் குறைமாதக் குழந்தை. இரண்டரை வயதாகப் போகிறது, இன்னும் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். பிசியோதெரபி செய்யும் அம்மா, டைல்ஸில் விடாதே, மண்ணிலும் புல்லிலும் வெறுங்காலோடு விடு, ஒரு நாளும் விடாமல் விடு என்கிறார். மண்ணுக்கு எங்கே போக? கட்டிலுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே இருக்கும் இடம்தான் எங்கள் வீட்டின் மைதானம். காலையிலும் மாலையிலும் பூங்காவில் கை வீசி வேகமாக நடப்பவர்கள், பந்தாடும் பையன்கள். ஒருமுறை யாரோ தெரியாமல் இடித்துத் தள்ளிவிட, அந்த வாரம் முழுவதும் என் கழுத்தை விட்டு இறங்கவே இல்லை. பகலில்தான் அங்கே ஆள் இல்லை. புங்க மர நிழலும் இருக்கிறது. ஆனால் காலை பத்து முதல் மாலை நான்கு வரை பூங்கா மூடப்படும் என்று போர்டு வைத்திருக்கிறார்கள்.

இருந்தாலும் தினமும் போகிறோம். காவலாளி அய்யாதுரை அண்ணன் பக்கக் கதவைப் பூட்டாமல் வெறுமே சாத்தி வைப்பார். நான், பக்கத்து காம்பவுண்டு ஸ்நேஹா, அவள் பையன் சுஹாஸ், இன்னும் இரண்டு மூன்று அம்மாக்கள். யார் போட்ட உத்தரவுண்ணே இது என்று அவரிடம் கேட்டேன். "அது எவன் வச்ச போர்டோமா, நான் வந்தப்பவே கீது. பெரிய கேட்டை மூடணுமா, மூடிக்கீறேன். சின்ன கேட்டைப் பத்தி போர்டுல இன்னா போட்டுகீது? ஒண்ணியும் போடல. நீ உள்ள போ" என்றார்.

அந்த உத்தரவு எங்கே இருக்கும், எப்படித் தேடுவது என்று சொல்லேன்.

உன்
சிம்ரா


புது தில்லி
15.06.2025

அடியே சிம்ரா,

மன்னிப்பெல்லாம் வேண்டாம். மெட்ரோவில் நின்றபடி உன் மெயிலைப் படித்து, இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன்.

பூங்காவை எடுத்தது நல்ல காரியம். உன்னோடு படிப்பவர்கள் கல்விக் கொள்கை, வேளாண் கொள்கை என்று பெரிதாக எழுதித் தள்ளுவார்கள். ஒரு கதவைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள்.

இந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் எனக்கு வேலையே ஊர் ஊராக நகராட்சிக் கோப்புகளைப் படிப்பதுதான். விதி என்று ஒன்று இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு தாள் இருக்கும். தாளில் தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் காரணமும் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடு. போர்டில் உள்ள நேரம் எந்த ஆணைப்படி என்று ஒரே ஒரு கேள்வி கேள். வேறு எதுவும் சேர்க்காதே.

சாய்நாத் என்னைக் கேலி செய்கிறான். தோசைக்குச் சட்னி இல்லை என்றால்கூட "அதுக்கு ஏதாவது ஆர்டர் இருக்கா?" என்று கேட்கிறேனாம். கல்யாணமான புதிதில் இப்படி இல்லையாம்.

ஆயத்தின் பாதங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. முகம் நிறைய அனுப்பிவிட்டாய்.

ஜானு


மந்தைவெளி
24.07.2025

ஜானு, ஜானு,

பதில் வந்துவிட்டது! 'மேற்படி நேரக் கட்டுப்பாடு தொடர்பான ஆணை எதுவும் இவ்வலுவலகக் கோப்புகளில் காணப்படவில்லை.' எத்தனையோ வருடமாக ஒரு பூங்கா பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. பூட்டச் சொன்னவர் யாரும் இல்லை. பாடத்தில் வரும் வட்டத்தில் இதை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பிரச்சினை இல்லை, விவாதம் இல்லை, முடிவு இல்லை, நடைமுறை மட்டும் இருக்கிறது.

பக்கக் கதவுக்குள் உட்கார்ந்து எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஸ்நேஹா, "அப்போ ஆர்டரே இல்லாமதான் இவ்ளோ நாளா பூட்டிக்கினு இருந்தாங்களா?" என்று வாய்விட்டுச் சிரித்தாள். உன்னால்தான் இது, நன்றி.

நீ ஒரு கேள்வி மட்டும் கேள் என்றாய். நான் இரண்டு கேட்டுவிட்டேன். விதி ஒன்று, நடப்பது ஒன்று என்று காட்டினால் ஒப்படைப்பு நன்றாக இருக்குமே என்று, பகலில் பக்கக் கதவு திறந்திருப்பது எந்த ஆணைப்படி என்றும் சேர்த்தேன். அதற்கு மட்டும் 'சம்பந்தப்பட்ட பணியாளரிடம் விவரம் கோரப்பட்டுள்ளது' என்று வந்திருக்கிறது. அதில் ஒன்றும் இல்லைதானே?

நல்ல சேதி ஒன்று. நேற்று ஆயத் புல்லில் என் விரலை விட்டுவிட்டுத் தானாக நின்றாள். நான் மூச்சுக்கூட விடவில்லை. பிறகு பொத்தென்று உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

உன்
சிம்ரா


மந்தைவெளி
08.08.2025

ஜானு,

பக்கக் கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

இப்போது ஆணை இருக்கிறது. எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. நீ சொன்ன எல்லாமே இருக்கிறது. 'நிர்வாக நலன் கருதி, காலை பத்து முதல் மாலை நான்கு வரை பிரதான வாயில், பக்க வாயில் ஆகிய இரண்டும் பூட்டப்பட வேண்டும்.' கண்ணாடித்தாள் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். இத்தனை நாள் கதவைத் திறந்து வைத்ததற்கு விளக்கம் கேட்டு அய்யாதுரை அண்ணனுக்கு மெமோ.

நான் கேட்டதால்தான் என்று தெரு முழுக்கத் தெரியும். ஸ்நேஹா என் வாசலுக்கே வந்து, "நீ பரீட்சை எழுதறதுக்கு எங்க புள்ளைங்கதான் கெடைச்சாங்களா, ஆயத் அம்மா? சும்மா தொறந்துகினு இருந்த கதவு. அதைப் போயி எதுக்குக் கேட்ட?" என்றாள்.

ஆயத்துக்கு எப்படிச் சொல்ல? கதவுக்கு வெளியே வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வீட்டில் மறுபடி கட்டிலைப் பிடித்துத்தான் நடக்கிறாள். கை விட்டு நின்றதை மறந்துவிட்டாளோ என்று பயமாக இருக்கிறது.

ஒப்படைப்புக்கு மதிப்பெண் வந்துவிட்டது. 'கள ஆய்வு சிறப்பு' என்று எழுதியிருக்கிறார்கள்.

ஒரு கேள்வி மட்டும் கேள் என்றாய். ஏன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? உனக்கு அங்கே எல்லாமே கோப்பு. கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

சிம்ரா


புது தில்லி
11.08.2025

சிம்ரா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காவிட்டால் விட்டுவிடு.

நேற்று அம்மாவிடம் போனில் சொன்னேன். மயிலாப்பூரிலிருந்து சரியான அர்ச்சனை. "ஆத்துல எடமில்லாம அந்தப் பொண்ணு கொழந்தையத் தூக்கிண்டு பார்க்குக்குப் போறா. அவகிட்ட போய்ப் பேப்பர் கேளுன்னியா? நன்னா இருக்குடி உன் படிப்பு" என்றாள்.

நீ கேட்டது நியாயம். ஒரு கேள்வி மட்டும் என்று சொன்னது பழக்கத்தில் சொன்னது. ஏன் என்பதை நானே யோசித்துப் பார்த்ததில்லை. இப்போது யோசித்தேன். ஆணை இல்லை என்று ஓர் அலுவலர் எழுதிக் கொடுத்த அன்றே அவருக்கு அது குறையாகிவிடுகிறது. குறையை நிரப்பச் சுலபமான வழி, போர்டில் இருப்பதை அப்படியே தாளில் ஏற்றுவது. கதவைத் திறந்து வைத்தவன் விளக்கம் சொல்ல வேண்டும். பூட்டினவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இத்தனை வருடம் கோப்பு படிக்கிற எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று, சிம்ரா. தாளே இல்லாத விதியோடு நீ சண்டை போட முடியாது. தாள் இருந்தால் திருத்தலாம். ஆணையை ரத்து செய் என்று மட்டும் கேட்காதே. தான் போட்ட கையெழுத்தைத் தானே அடிக்க யாருக்கும் மனம் வராது. அந்த ஆணைக்கு அடியில் சின்னதாக ஒரு விலக்கு சேர்க்கச் சொல். சின்னக் குழந்தைகள், கூட அம்மா, பகலில் கொஞ்ச நேரம், இரண்டு மாதத்துக்குச் சோதனை முறையில். வேண்டாம் என்பதைவிடச் சரி என்பது அவருக்குச் சுலபமாக இருக்க வேண்டும். 'நிர்வாக நலன்' என்றால் உண்மையில் என்ன என்று நேரில் கேள், எழுத்தில் வேண்டாம். அங்கே யார் எதிர்ப்பார்களோ, அவர்கள் வீட்டுக்கு முதலில் போ. வார்டில் நடக்கும் பகுதி சபைக் கூட்டத்துக்குத் தனியாகப் போகாதே. அய்யாதுரை அண்ணன் பெயரை எந்த மனுவிலும் எழுதாதே.

என் மேல் கோபம் அப்படியே இருக்கட்டும். இதை மட்டும் செய்.

ஜானு


மந்தைவெளி
21.09.2025

அன்புள்ள ஜானு,

இத்தனை நாள் மௌனமாக இருந்ததற்கு என்னை மன்னி. உன் மெயிலை அன்றே படித்துவிட்டேன். பதில் எழுத மனம் வரவில்லை; ஆனால் நீ சொன்னதைச் செய்துகொண்டுதான் இருந்தேன்.

முதலில் அய்யாதுரை அண்ணனிடம் போனேன். மன்னிப்புக் கேட்பதற்குள் அவரே, "மெமோவா? எழுதிக் குடுத்தாச்சுமா. கொழந்தைங்க வெயில்ல நின்னுச்சு, தொறந்தேன்னு எழுதினேன். அதுக்கு மேல இன்னா கேப்பான்?" என்றார். அதன் பிறகு மெமோவைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அடுத்தது ஸ்நேஹா. கதவைத் திறந்துவிட்டு, நான் பேசப் பேச முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். கடைசியில், "எல்லாத்தையும் வாசல்லயே பேசுவியா? உள்ள வா" என்றாள். கூட்டத்துக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவளே முடிவு செய்தாள். நான் வெறும் எழுத்தர்.

எதிர்ப்பவர் வீட்டுக்குப் போ என்றாயே. காலையில் நடப்பவர்கள் சங்கத் தலைவர் அம்பி மாமா, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பூங்காவைத் தன் வீட்டுப் பூஜை அறை மாதிரி பார்த்துக்கொள்பவர். நானும் ஸ்நேஹாவும் குழந்தைகளோடு அவர் வீட்டுக்குப் போனோம். "பகல்ல தொறந்து வெச்சா கண்ட கண்ட ஜோடியெல்லாம் வந்து உக்காந்துண்டுடும்" என்றார். வேறு எந்த ஆட்சேபமும் இல்லையா மாமா என்று கேட்டேன். ஆயத் அப்போது அவர் சோபாவைப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டிருந்தாள். அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "கொழந்தை கையப் பிடிச்சுண்டு வரவாளுக்கு மட்டும்னு எழுதுங்கோ. அப்புறம் நான் எதுக்கு வேண்டாங்கப் போறேன்" என்றார்.

போன வாரம் கூட்டம். மாநகராட்சிப் பொறியாளர் வந்திருந்தார். அந்த நேரத்தில் காவலாளி சாப்பிடப் போய்விடுவார், பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார். இதற்குத்தான் 'நிர்வாக நலன்' என்று பெயர், ஜானு. நான் மைக்கை வாங்கி, எழுதி வைத்திருந்த தாளைத் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்நேஹா பின்னாலிருந்து எழுந்தாள்.

"அவரு எங்க சார் போறாரு? உள்ளயே புங்க மரத்தடில பெஞ்சுல குந்திதான் துன்றாரு. அவரு துன்னுக்கினு இருக்கறப்போ எங்க புள்ளைங்க நாலு எட்டு நடந்தா அவருக்கு இன்னா, உங்களுக்கு இன்னா?"

கூட்டமே சிரித்துவிட்டது. பொறியாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூடுதல் ஆள் வேண்டாமா, செலவு இல்லையா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். அம்பி மாமா தானாக எழுந்து, சங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

முந்தாநாள் ஆணை வந்தது. அதே எண்ணுக்குக் கீழே திருத்தம். அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் சோதனை முறையில், பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை பக்க வாயில் திறந்திருக்கும்; 'குழந்தையின் கையைப் பிடித்து வருவோருக்கு மட்டும்.' மாமாவின் வாக்கியம் அரசாங்கத் தமிழில் வந்திருக்கிறது. ஸ்நேஹாவிடம் காட்டினேன். "இத கண்ணாடித்தாள் போட்டு ஒட்டுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

உனக்கு எப்படி நன்றி சொல்ல? கோபத்தில் எழுதியதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு.

உன்
சிம்ரா


புது தில்லி
22.09.2025

சிம்ரா,

அந்தத் திருத்தத்தைச் சாய்நாத்துக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அலுவலகத்திலும் படித்துக் காட்டப் போகிறேன். கோப்பு கோப்பாகப் படித்திருக்கிறேன். அதில் ஒன்று யாருடைய காலடிக்காவது வழி விட்டதை இதுவரை கூட இருந்து பார்த்ததில்லை. நன்றி சொல்ல வேண்டியது நான்.

கோபப்பட்டது நல்லதுதான். இல்லாவிட்டால் எனக்கு யோசிக்கத் தோன்றியிருக்காது.

ஒன்று மட்டும் மறக்காதே. சோதனை முறை என்றால் முடிவில் அறிக்கை கேட்பார்கள். அதைப் பார்த்துத்தான் நீட்டிப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். நடப்பதை நடக்கும்போதே பார்த்து வை.

ஜானு


மந்தைவெளி
27.11.2025

அன்புள்ள ஜானு,

நீ சொன்னபடியே அறிக்கை கேட்டுவிட்டார்கள். பயன்படுத்துவோர் சார்பில் ஒரு பக்கம், திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். எழுதச் சொல்லி எல்லோரும் என்னையே பிடித்துவிட்டார்கள். "நீதான கெடுத்த, நீயே எழுது" என்கிறாள் ஸ்நேஹா. இப்போது அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

மூன்று நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன். பேனாவை எடுத்தாலே சங்கிலிச் சத்தம் காதில் விழுகிறது. போன முறை உண்மையைத்தான் எழுதினேன், அது கதவைப் பூட்டியது. இப்போதும் ஓர் உண்மை இருக்கிறது. இம்மாதத் தொடக்கத்தில், மழை விட்டிருந்த ஒரு பகலில், சுஹாஸ் ஓடிவந்து பெஞ்சு முனையில் இடித்து உதடு கிழிந்துவிட்டது. பெஞ்சில் ஒரு தகடு பெயர்ந்து நீட்டிக்கொண்டிருந்தது. ரத்தத்தைப் பார்த்து நான்தான் அதிகம் அழுதேன். அய்யாதுரை அண்ணன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இரண்டு தையல். மறுநாளே தகட்டை அடித்துச் சமன் செய்துவிட்டார்கள்.

இதை எழுதினால், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று பொறியாளர் மறுபடி ஆரம்பிப்பாரோ? எழுதாமல் விட்டால், நாளைக்கு யாராவது சொல்லித் தெரிய வந்தால், அய்யாதுரை அண்ணனுக்கு இன்னொரு மெமோ வருமோ? தல்ஹா, விட்டுவிடு, கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அம்பி மாமா, அழகான வார்த்தையில் மழுப்பிவிடலாம் என்கிறார். ஸ்நேஹாவிடம் கேட்டேன். சுஹாஸுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அடிபட்டது என் புள்ள. நான் சொல்றேன், எழுது. அடிபட்டான், அடுத்த நாளே சரி பண்ணாங்க, இவன் மறுபடி அங்கதான் ஓடறான். மூணையும் எழுது. ஒண்ண விட்டாலும் பொய்யி."

அவள் சொன்ன வரிசையிலேயே எழுதிவிட்டேன்.

ஆயத்தைப் பற்றி நீ கேட்பாய் என்று தெரியும். முதல் வாரம் கதவுக்குள் நுழைந்ததும் என் புடவையை விடவே இல்லை. பிறகு ஒரு விரல். பிறகு மழை. மழைக்குப் பிறகு மண் ஈரமாக, மெத்தென்று இருந்தது. அதில் கால் புதைவது அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். விரலை விட்டாள். விழுந்தாள். எழுந்தாள். அய்யாதுரை அண்ணனின் டிபன் பாக்ஸ் வரை போய், ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவர் தடுக்கவே இல்லை. நேற்று டைல்ஸ் தரையிலும் நடந்தாள். தல்ஹா ஆபீஸுக்கு லேட்டு.

இதையெல்லாம் அறிக்கையில் எழுதவில்லை. அது அவர்களுக்கு வேண்டாம், உனக்குத்தான். உன் புத்தகங்கள் வராவிட்டால் நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டேன், கதவைப் பூட்டியிருக்க மாட்டார்கள் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், பூட்டாத கதவு ஒரு நல்ல மனிதரின் தயவில் இருந்தது. அவரை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தால் அதுவும் போயிருக்கும். இன்று வரும் அம்மாக்களில் பாதிப் பேர் எனக்கு முன்பின் தெரியாதவர்கள். யாரிடமும் அனுமதி கேட்காமல், தெரிந்தவர் யாரும் இல்லாமல், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

அறிக்கையின் வரைவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சுஹாஸுக்கு அடிபட்ட பகுதியை எடுத்துவிடச் சொல்லாதே, அது எடுபடாது. பொறியாளர் பயந்துபோகாமல் படித்து முடிக்கும்படி எழுதியிருக்கிறேனா என்று மட்டும் பார். திங்கட்கிழமை காலையில் கொடுக்க வேண்டும், ஜானு. சீக்கிரம் பதில் எழுது.

உன்
சிம்ரா